‘இரு’ என்று சொன்ன மகனுக்கு

தம்பி,

ஞாயிற்றுக்கிழமை நீ அம்மாவோடு மார்க்கம் நகருக்குப் போய், உன் மாமனாராக வரப்போகிறவரிடம் மன்னிப்புக் கேட்கப் போகிறாய் என்று அறிந்தேன். நீ சொல்லி அறியவில்லை. எந்தக் கடையில் மாம்பழம் நல்லது என்று அம்மா தொலைபேசியில் யாரிடமோ விசாரித்துக்கொண்டிருந்ததைக் கேட்டு அறிந்தேன். இந்த வீட்டில் எனக்குச் செய்தி வரும் வழி எப்போதும் அதுதான். இதை உன்னிடம் நேரே சொன்னால் “ஓகே அப்பா, ஓகே” என்று சொல்லிவிட்டுக் கைபேசியைப் பார்ப்பாய். அதனால் எழுதுகிறேன். தமிழ் வாசிக்க உனக்கு நேரம் எடுக்கும். எடுக்கட்டும். உன் அறைக் கதவுக்குக் கீழே தள்ளவேண்டிய கடிதத்தை ஊர் வாசிக்கும் பத்திரிகைக்கு ஏன் அனுப்பினேன் என்று கோபிப்பாய். கதை ஏற்கெனவே ஊருக்குள் போய்விட்டது. ஸ்காபரோவில் மரக்கறிக் கடையில் ஒருவர் கத்தரிக்காய் தெரிந்தெடுப்பதை விட்டுவிட்டு, “என்ன மாஸ்ரர், மகன் சம்மந்திக்கு வாய் நீட்டினவனாம்?” என்று கேட்டார். பகிரங்கமாகச் சொல்லப்பட்ட கதைக்கு நான் ஏன் இரகசியமாக மறுமொழி எழுதவேண்டும்? பெண்ணின் தந்தையுடைய பெயரை எழுதமாட்டேன். அந்த அளவு மரியாதை என்னிடம் இன்னும் மிச்சம் இருக்கிறது.

நடந்ததை முதலில் எழுதிவிடுகிறேன். இப்போது சுற்றித் திரியும் கதையில் படகும் இல்லை, தண்ணீரும் இல்லை. பெரியவரை மதிக்காத ஒரு பெடியன் மட்டும்தான் இருக்கிறான். கோடை முடிகிற நேரம், இரண்டு குடும்பமும் சிம்கோ ஏரிக்கரையில் கூடியிருந்தோம். நீயும் உன் சிநேகிதனும் சேர்ந்து பழையதாக வாங்கிய சின்னப் படகைத் தண்ணீரில் இறக்கினாய். நாலுபேர் ஏறினோம். நீ ஓட்டினாய், நீ கட்டப்போகிற தர்சி உன் பக்கத்தில், அவளுடைய தந்தை உனக்கு முன்னால், நான் பின்னால். ஏறுவதற்கு முன் எல்லோருக்கும் லைஃப் ஜக்கெற் கொடுத்தாய். “உது படகிலை இருக்கவேணும் எண்டுதானே சட்டம், போடவேணும் எண்டு இல்லையே?” என்று அவர் கேட்டார். வீடு விற்கிறவர், சட்டம் எவ்வளவு கேட்கிறது, எவ்வளவு கேட்கவில்லை என்பதில் அவருக்குத் தேர்ச்சி உண்டு. “சட்டம் இல்லை அங்கிள். ஆனா என்ரை போட்டிலை எல்லாரும் போடவேணும்” என்றாய். போட்டார். கரை சிறுத்ததும் கழற்றினார். செம்மஞ்சள் நிறம் புதுச் சட்டையை மறைக்கிறதாம். லண்டனில் இருக்கும் தன் தம்பிக்கு வீடியோ அனுப்பவேண்டுமாம். கழற்றிவிட்டு எழும்பி நின்றார், உன் பார்வையை மறைத்துக்கொண்டு.

எங்கள் பேச்சில் ‘இருப்பது’ என்றால் உட்காருவது. அது தெரியாதவர்களும் இதை வாசிக்கக்கூடும் என்பதால் சொல்லிவைக்கிறேன்.

“அங்கிள், இருங்கோ” என்றாய்.

“ஓம் தம்பி, ஓம். நீர் ஓட்டும். ஒரு சின்ன வீடியோ.”

“அங்கிள், பிளீஸ் இருங்கோ. அங்காலை பெரிய போட் ஒண்டு வருது.”

“வரட்டுமன். அதையும் எடுப்பம்.”

நான் பின்னாலிருந்து, “அண்ணை, பெடி சொல்லுறான், இருங்கோவன்” என்றேன். அவர் திரும்பிப் பார்க்கவில்லை. “நீர் சும்மா இரும் மாஸ்ரர்” என்றார். நீ ஆங்கிலத்துக்கு மாறி, “சிற் டவுன், அங்கிள்” என்றாய். “கப்டனுக்குக் கோவம் வந்திட்டுது” என்று கைபேசிக்குள் பார்த்துச் சிரித்தார். லண்டன் தம்பிக்கு அது பகிடி. அதற்குள் பெரிய படகு எங்களைக் கடந்து போய்விட்டது. அது கிளப்பிய அலை எங்களை நோக்கி வந்துகொண்டிருந்தது. நீ வேகத்தைக் குறைத்து, முகப்பை அலைப் பக்கம் திருப்பப் பார்த்தாய். அவருடைய முதுகைத் தவிர உனக்கு முன்னால் ஒன்றும் தெரியவில்லை. அப்போதுதான் கத்தினாய். “இரு!”

அவர் இருந்தார். இருந்தார் என்று சொல்வதா, முழங்கால் மடிந்து விழுந்தார் என்று சொல்வதா தெரியவில்லை. அவர் இருக்கையில் பட்டதும் அலை படகில் பட்டதும் ஒன்றாக நடந்தன. படகு ஒரு பக்கம் எழும்பி அடித்து விழுந்தது. நால்வரும் தெப்பமாக நனைந்தோம். கைபேசி அவருடைய கையிலிருந்து துள்ளி ஏரிக்குள் போனது. அது போன வழியில் அவர் போகவில்லை. நடந்தது அவ்வளவுதான்.

நீ படகைக் கரைக்குக் கொண்டுவந்தாய். இறங்கியதும் அவர் உன்னை விட்டுவிட்டு என்னைப் பார்த்தார். “பிள்ளைக்கு உதுதானோ படிப்பிச்சனீர், மாஸ்ரர்?” என்று தண்ணீர் சொட்டச் சொட்ட நின்று கேட்டார். அடுத்தநாள் அம்மாவுக்கு அழைப்பு வந்தது. பெடியன் வீட்டுக்கு வந்து மன்னிப்புக் கேட்கவேண்டும், அதுவரை கலியாணக் கார்டுகள் அச்சுக்குப் போகா. அம்மா அழுதார். அழுதுகொண்டே என்னிடம், “ஒண்டும் நடக்கேல்லைத்தானே, பிறகென்னத்துக்கு உவன் கத்தினவன்?” என்று கேட்டார். இந்தக் கேள்வியை நினைத்தால் எனக்கு இப்போதும் பல்லைக் கடிக்கவேண்டியிருக்கிறது. நீ கத்தியதால்தான் ஒன்றும் நடக்கவில்லை. ஒன்றும் நடக்காதபடியால் நீ கத்தியது பிழையாகிவிட்டது. அவர் விழுந்திருந்தால், படகு ஓட்டத் தெரியாதவனை நம்பி ஏறினோம் என்று இதே வாய்கள் சொல்லியிருக்கும்.

ஓட்டத் தெரியாதவனா நீ? பதினேழு வயதில் நீ படகு ஓட்டும் அட்டையை எடுத்தது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. இந்த நாட்டில் மோட்டார் படகு ஓட்டுகிறவர் பாடம் படித்து, சோதனையில் தேறி, கையில் ஓர் அட்டை வைத்திருக்கவேண்டும் என்று நீ வந்து சொன்னபோது நான் சிரித்தேன். “கார் லைசென்சே இன்னும் எடுக்கேல்லை, படகுக்கோ?” என்று கேட்டேன். “அப்பா, அது வெறும் மல்ரிப்பிள் சொய்ஸ், ஒன்லைன்” என்று சொல்லிவிட்டு, பாடங்களை வாசிக்காமல் தட்டித் தட்டிப் போய்ச் சோதனையில் கோட்டை விட்டாய். முகம் தொங்கிப்போய் வந்தாய். யாழ்ப்பாணத்தில் பௌதிகம் படிப்பித்த நான், இங்கே கால் நூற்றாண்டாகத் தொழிற்சாலையில் பிளாஸ்ரிக் மூடிகள் சரியாக மூடுகின்றனவா என்று பார்க்கிறவன். எனக்கு முன்னால் ஒரு மாணவன் தானாக வந்து இருந்து எத்தனை காலம். சாப்பாட்டு மேசையில் உன்னோடு இருந்து முதலாம் பாடத்திலிருந்து தொடங்கினேன். சிவப்பு மிதவை எந்தப் பக்கம் வரவேண்டும், எந்தப் படகு எந்தப் படகுக்கு வழி விடவேண்டும், குளிர்த் தண்ணீருக்குள் விழுந்தவனுக்கு முதல் மூச்சிலேயே என்ன நடக்கும். நின்றால் ஏன் படகு கவிழும் என்பதற்குத் தேத்தண்ணீர்த் தட்டில் நல்லெண்ணெய்ப் போத்தலை நிறுத்தித் தட்டைச் சரித்துக் காட்டினேன். புவியீர்ப்பு மையம் மேலே போகிறது என்று சொல்லி முடிப்பதற்குள் போத்தல் விழுந்து மூடி கழன்றது. “உங்கடை பௌதிகத்தாலை என்ரை எண்ணெய் போச்சு” என்று அம்மா ஏசினார். நீ சிரித்த சிரிப்பில் விக்கல் எடுத்தது. அந்த மேசையில் நாங்கள் இரண்டுபேரும் அப்படிச் சிரித்தது பிறகு இல்லை.

அந்தப் பாடங்களில் ஒரு வசனம் வந்தது. படகில் ஏறிய எல்லோருக்கும் ஓட்டுகிறவர்தான் பொறுப்பு. நீ வாசித்துவிட்டுக் கேட்டாய்: “ஏறினவர் பெரியாள் எண்டால்? அவர் சொல்லுக் கேக்காட்டி?” நான், “உது சோதனையிலை வராது, அடுத்ததுக்குப் போ” என்றேன். சோதனையில் வராததைத் தொடாதே என்று சொல்லித்தான் நாங்கள் ஊரில் பிள்ளைகளைக் கரையேற்றினோம். வராதது வந்தபோது நீ அதற்கு நீயாக விடை எழுதினாய். விடை சரி. பௌதிக ஆசிரியனாகச் சொல்கிறேன், முழுப் புள்ளி.

இனி அவரைப் பற்றி. எனக்கு அவர்மேல் பழைய கோபம் இருக்கிறது, அதனால்தான் துள்ளுகிறேன் என்று அம்மா சொல்வார். இருக்கிறது. மறைக்கவில்லை. நம்முடைய தமிழில் முன்னால் நிற்கிறவரை அழைக்க நீ, நீர், நீங்கள் என்று மூன்று படி உண்டு. நீர் என்பது கெட்ட சொல் அல்ல. ஒத்த வயதுக்காரர் ஒருவரையொருவர் நீர் என்று பேசலாம். அதில் ஓர் இதம்கூட உண்டு. ஆனால் ஒருவர் நீர் என்று சொல்ல, மற்றவர் பதிலுக்கு நீங்கள் என்று சொல்லிக்கொண்டிருந்தால் அந்த இதம் ஒரு பக்கத்துக்கு மட்டும்தான். அவர் என்னைவிட இரண்டு வயது மூத்தவர். இந்த நகரத்தில் நான் வந்து இறங்கிய காலத்திலிருந்து அவருக்கு நான் நீர், எனக்கு அவர் நீங்கள். யார் இப்படி ஏற்பாடு செய்தது என்று தெரியாது. அவர் வீடு விற்கத் தொடங்கிய காலத்தில் அம்மாவையும் என்னையும் பிக்கரிங்கில் ஒரு வீடு பார்க்கக் கூட்டிக்கொண்டு போனார். நான் மேல்மாடி யன்னலைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தபோது பின்னால் வந்து, “உமக்கு உது ஏலாது மாஸ்ரர். பேஸ்மென்ற் ஒண்டு பாரும்” என்றார். அவர் சொன்னது உண்மை. எனக்கு வாங்க ஏலாதுதான். உண்மை என்பதற்காக மறந்துவிடவேண்டும் என்று ஒன்றும் இல்லை. மாஸ்ரர் என்று அவர் சொல்லும்போது அதில் ஒரு சிரிப்பு இருக்கும். மூடி பார்க்கிற மாஸ்ரர். அந்தச் சிரிப்பை நீ கவனித்திருக்கமாட்டாய். நான் ஒவ்வொரு முறையும் கவனித்திருக்கிறேன்.

சரி, என் கோபம் என்னுடையது, அதை ஒரு பக்கம் வைத்துவிடு. அவருடைய மரியாதை எப்படிப்பட்டது என்று நீயே அளந்து பார். போன வருடம் பழைய மாணவர் சங்கம் ஆயிரம் தீவுகள் என்கிற இடத்துக்குச் சுற்றுலா போனது. பெரிய உல்லாசப் படகு. அவர் கம்பியோரத்தில் ஏறி நின்று படம் எடுத்தார். படகில் வேலை செய்த ஒரு வெள்ளைக்காரப் பிள்ளை, உன்னைவிட வயது குறைந்தவள், வாயில் சுவிங்கத்தை மென்றபடி, “சேர், சிற் டவுன்” என்றாள். மென்றபடி. அவர் “சொறி, சொறி” என்று இரண்டு தரம் சொல்லிக்கொண்டு வந்து எனக்குப் பக்கத்தில் இருந்தார். அந்தப் பிள்ளையின் வீட்டுக்கு ஆள் அனுப்பி மன்னிப்புக் கேட்கவில்லை. அவளிடமிருந்து வந்தால் அது பாதுகாப்பு. உன்னிடமிருந்து வந்தால் வாய் நீட்டல். நீ அவளைவிடக் கூடுதலாகப் படித்தவன், கூடுதலாகக் கெஞ்சியவன், அவருடைய மகளைக் கட்டப்போகிறவன். உன் பிழை, நீ அவருக்குத் தமிழன்.

இவ்வளவும் நான் பொறுத்திருப்பேன். மன்னிப்புக் கேட்கப் போவதைக்கூட, கலியாணம் நடக்கவேண்டும் என்பதற்காக, பல்லைக் கடித்துக்கொண்டு பார்த்திருப்பேன். என்னைப் பேனா எடுக்க வைத்தது நேற்று அம்மா சொன்ன வழி. “பிள்ளை இஞ்சை பிறந்தது, தமிழ் வடிவா வராது. இருங்கோவுக்கும் இருவுக்கும் வித்தியாசம் தெரியாமல் வாய் தவறீற்றுது எண்டு சொல்லுவம். அதோடை முடிஞ்சுது.” நீ பக்கத்தில் நின்று சீரியல் சாப்பிட்டுக்கொண்டிருந்தாய். “யா, தற் வேர்க்ஸ்” என்று ஆங்கிலத்தில் ஒத்துக்கொண்டாய். அவ்வளவு இலேசாகச் சொன்னாய்.

உனக்குத் தமிழ் வராதா? சனிக்கிழமைகளில், மற்றப் பிள்ளைகள் ஹொக்கி விளையாடப் போக, பனிக்குள் காரைத் தள்ளிக்கொண்டு உன்னைத் தமிழ் வகுப்புக்குக் கொண்டுபோனேன். வாங்கோ, போங்கோ, இருங்கோ என்று உன் வாயில் ஏற்றுவதற்கு நான் பட்ட பாட்டை நீ மறந்திருக்கலாம். நான் பக்கத்தில் இல்லாதபோதுகூட அம்மாவிடம் நீ ‘ங்கோ’ போட்டுத்தான் பேசுகிறாய். படகில் நீ முதலில் சொன்னது என்ன? இருங்கோ. அடுத்தது? பிளீஸ் சேர்த்து இருங்கோ. பிறகு ஆங்கிலம். எல்லாம் தீர்ந்த பிறகுதான் ‘இரு’. வித்தியாசம் தெரியாதவன் இப்படி ஒவ்வொரு படியாக இறங்கி வரமாட்டான். இருங்கோ என்று சொன்னால் கேட்டவர் இருக்கலாம், இருக்காமலும் விடலாம். விருப்பத்தை அவர் கையில் கொடுப்பதுதான் அந்த ‘ங்கோ’. அந்த நேரத்தில் அவர் கையில் கொடுப்பதற்கு உன்னிடம் ஒன்றும் மிச்சம் இருக்கவில்லை, அலை வந்துவிட்டது. அதனால் அதை எடுத்துவிட்டாய். நீ பிறந்ததிலிருந்து பேசிய தமிழ் முழுவதிலும் இதைப்போலச் சரியான இடத்தில் சரியான சொல்லை நீ வைத்ததில்லை. அதைக் கொண்டுபோய்ப் பிழையான தமிழ் என்று சொல்லி விற்கப் போகிறாய்.

விற்றால் என்ன ஆகும் என்று நான் சொல்லவேண்டியதில்லை, தர்சி சொல்லிவிட்டாள். நேற்று மத்தியானம் எனக்குத் தொலைபேசி எடுத்தாள். உனக்குச் சொல்லியிருக்கமாட்டாள். “அங்கிள், அவர் தமிழ் தெரியாது எண்டு சொன்னா அப்பா உடனை நம்புவார். நம்பீற்று லைஃப் லோங் அதைச் சொல்லிச் சிரிப்பார். ஒவ்வொரு கலியாண வீட்டிலையும். என்ரை பிள்ளையளுக்கும் சொல்லுவார்” என்றாள். “அப்ப என்ன செய்யச் சொல்லுறீர், பிள்ளை?” என்று கேட்டேன். “எனக்குத் தெரியேல்லை அங்கிள். அண்டைக்கு அவர் கத்தாட்டி நான் கத்தியிருப்பன். நான் கத்தியிருந்தா அப்பா என்னைப் பேசீற்று மறந்திருப்பார்” என்றாள். தன் தந்தையில் அவளுக்குப் பாசம் இருக்கிறது, அவரைப் பற்றிய தெளிவும் இருக்கிறது. இரண்டையும் ஒன்றாக வைத்திருக்கத் தெரிந்த ஆளை நம் வீட்டில் நான் கண்டதில்லை. அவளுக்காகத்தான் கலியாணம் நின்றால் நிற்கட்டும் என்று எழுத எனக்குக் கை வரவில்லை. எழுத ஆசைப்பட்டேன். வசனத்தைத் தொடங்கியும் பார்த்தேன்.

ஆகவே போ. மாம்பழத்தையும் கொண்டு போ. கைபேசி போனதற்கு வருத்தம் சொல். பயந்துபோனாரே, அதற்கும் சொல். பயந்தவர்தான், நான் பின்னால் இருந்து அவருடைய கழுத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். தமிழ் தெரியாது என்று மட்டும் சொல்லாதே. ஏன் அப்படிச் சொன்னனி என்று கேட்டால், தெரிந்துதான் சொன்னேன் என்று சொல். நீங்கள் எனக்கு வேண்டியவர், அதனால்தான் சொன்னேன் என்று சொல். அடுத்த முறை என் படகில் எழும்பினாலும் அதைத்தான் சொல்வேன் என்று சொல். இவ்வளவையும் ‘ங்கோ’ போட்டு, அங்கிள் போட்டு, குரலை உயர்த்தாமல் உன்னால் தமிழில் சொல்ல முடியும். அதைக் கேட்டு அவர் உன்னை வெளியே போ என்றால், அவர் வீட்டில் ஓட்டுநர் அவர், வெளியே வா. பிறகு என்ன செய்வது என்பதை நீயும் தர்சியும் முடிவெடுங்கள். உங்கள் வயதில் நாங்கள் எடுக்கவிடப்படாத முடிவு அது.

நானும் வருகிறேன். அம்மாவுக்கு இன்னும் சொல்லவில்லை. இதை வாசித்து அறிந்துகொள்ளட்டும். கதவைத் திறந்ததும் அவர் என்னைப் பார்த்து, “இரும் மாஸ்ரர், இரும்” என்பார். நான் இருக்கப்போவதில்லை. நீ பேசி முடிக்கும்வரை உன் பக்கத்தில் நின்றுகொண்டிருப்பேன். அவருடைய வரவேற்பறையில் நிற்பதால் ஒருவரும் தண்ணீருக்குள் விழப்போவதில்லை.

அப்பா